பி முன்னாலா, பின்னாலா? குர்திய மொழி பெயர்களைச் சுருக்கும் விதம்

துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் ஆகிய நான்கு நாடுகளில் வாழ்கிறவர்கள் குர்தியர். ஈராக்கின் வடக்கே சுலைமானியா நகரத்தில் வேரூன்றிய அவர்களுடைய கட்சி ஒன்று இருக்கிறது: குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியம். 1975 ஜூனில் டமாஸ்கஸில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான ஜலால் தலபானி, பிற்பாடு 2005 முதல் 2014 வரை ஈராக்கின் குடியரசுத் தலைவராகவே இருந்தார். ஆக, ஊர் பேர் தெரியாத கட்சி இல்லை. ஆனால் அதன் சுருக்கப் பெயர் என்ன என்று கேட்டால், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஆங்கிலச் செய்தியில் அது பி.யு.கே. பிரெஞ்சுச் செய்தியில் யு.பி.கே. துருக்கிப் பத்திரிகைக்காரர் கே.ஒய்.பி. என்று எழுதுவார். அரபியில் அலிஃப், வாவ், காஃப் மூன்றையும் ஒட்டி 'அவ்க்' என்று ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். குர்திய மொழியில் அது ஒய்.என்.கே. சரி, சுலைமானியா தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்வார்? இவை எதையும் சொல்ல மாட்டார். 'யெகேத்தி' என்பார். 'ஒன்றியம்' என்று பொருள். கட்சிப் பெயரின் முதல் சொல், அவ்வளவுதான்.

உலகச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு நல்ல பொறி. காலையில் ஆங்கில நிறுவனத்தின் செய்தியில் பி.யு.கே. என்று படித்துவிட்டு, மாலையில் துருக்கிச் செய்தியின் மொழிபெயர்ப்பில் கே.ஒய்.பி. என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு கட்சி என்றுதான் தோன்றும். இரண்டுக்கும் சண்டை என்றுகூட எழுதிவிடலாம்.

லத்தீன் எழுத்துகளை நாம் வழக்கமாகச் சொல்வது போலவே பி, கே, ஒய் என்று எழுதிக்கொண்டு போகிறேன். குர்தியர் அந்த எழுத்துகளை எப்படி உச்சரிக்கிறார்கள் என்பது தனிக் கதை. அது பின்னால் வரும்.

முதலில் சொற்களின் வரிசையைப் பார்த்துவிடலாம். தமிழில் 'திராவிட முன்னேற்றக் கழகம்' என்கிறோம். எந்தக் கழகம், என்ன கழகம் என்கிற விவரமெல்லாம் முன்னால் வந்துவிட்டு, 'கழகம்' கடைசியில் வந்து உட்காரும். அதனால்தான் நம் ஊர்ச் சுருக்கங்களில் பல 'க' என்ற எழுத்தில் முடிகின்றன. குர்திய மொழி இதற்கு நேர் தலைகீழ். 'கட்சி' முதலில் வரும். யாருடைய கட்சி, எந்த நாட்டுக் கட்சி என்பதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும். 'பார்த்தியா கார்கெரேன் குர்திஸ்தானே' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் கட்சி, தொழிலாளர்கள், குர்திஸ்தான் என்று வரும். நம் வரிசையில் 'குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி'. அதுதான் உலகம் முழுக்கத் தெரிந்த பி.கே.கே. 1978இல் துருக்கியின் தியார்பகிர் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் தொடங்கி, துருக்கியும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பயங்கரவாத அமைப்பு என்று பட்டியலிட்டு, 2025 மே மாதம் தன்னையே கலைத்துக்கொள்வதாக அறிவித்த அமைப்பு.

இந்த வரிசை தெரிந்துவிட்டால் ஒரு சின்ன சோதனை கைக்கு வருகிறது. குர்தியர் சம்பந்தப்பட்ட ஒரு கட்சியின் சுருக்கத்தில் 'கட்சி' என்பதைக் குறிக்கும் 'பி' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் இருந்தால், பெயர் குர்திய மொழியில் வைக்கப்பட்டது: பி.கே.கே., பி.ஒய்.டி., பி.டி.கே., பெஜாக். பின்னால் இருந்தால், பெயர் துருக்கியிலோ ஆங்கிலத்திலோ வைக்கப்பட்டது. ஈராக்கியக் குர்தியத் தலைவர் மசூத் பர்சானியின் கட்சி ஆங்கிலத்திலும் துருக்கியிலும் கே.டி.பி.; குர்தியில் பி.டி.கே. பிரெஞ்சு மட்டும் இந்தச் சோதனையைக் குழப்பும். அந்த மொழியிலும் தலைச்சொல் முன்னால் வருவதால் அங்கேயும் பி.டி.கே.தான்.

துருக்கி நாடாளுமன்ற அரசியலில் குர்தியர் ஆதரவுக் கட்சிகளின் வரிசையைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 1990இல் ஹெப், பிறகு தெப், ஹாதெப், தெஹாப், டி.டி.பி., பி.டி.பி., 2012இல் எச்.டி.பி. ஒன்று தடை செய்யப்பட்டால் அல்லது தடை வரும் என்று தெரிந்தால் அடுத்தது. எல்லாவற்றிலும் கட்சியைக் குறிக்கும் 'பி' கடைசியில்தான். கட்சியின் சட்டதிட்டங்கள் துருக்கி மொழியில்தான் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுக் கட்சிச் சட்டம் சொல்கிறது. எனவே பதிவான பெயரும் துருக்கிதான். குர்தியர் வாக்கு வாங்கும் கட்சி, ஆனால் பெயரின் எலும்புக்கூடு துருக்கி மொழியுடையது. ஆயுதம் ஏந்தி மலைக்குப் போனவர்கள் வைத்த பெயர்களில் 'பி' முன்னால். அங்காராவுக்குப் போனவர்கள் வைத்த பெயர்களில் 'பி' பின்னால்.

தலைச்சொல் முன்னால் வருவதால் இன்னொரு விளைவும் உண்டு. குர்தியச் சுருக்கங்கள் பெரும்பாலும் நான்கைந்து எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. கட்சி என்றால் பி. படைகள் என்பதற்கு 'ஹேஸேன்', அதனால் எச். ஒன்றியத்துக்கு 'யெகீத்தி', படைப்பிரிவுக்கு 'யெகீனெ', இரண்டுக்கும் ஒய். குழுமத்துக்கு 'கோம்', மாநாட்டுக்கு 'கோங்ரெ', இரண்டும் கே. எச்.பி.ஜி., எச்.எஸ்.டி., ஒய்.பி.ஜி., ஒய்.பி.ஜே., கே.சி.கே., கே.என்.கே. என்று வரிசையாகப் படித்தால் தலை சுற்றுவதற்குக் காரணம் இதுதான். வித்தியாசம் முழுக்கக் கடைசி எழுத்துகளில் ஒளிந்திருக்கிறது. ஒய்.பி.ஜி.யும் ஒய்.பி.ஜே.யும் ஒரே ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன: 'கெல்' என்றால் மக்கள், 'ஜின்' என்றால் பெண்கள். மக்கள் பாதுகாப்புப் பிரிவுகள், பெண்கள் பாதுகாப்புப் பிரிவுகள்.

குர்தியில் சொற்களை இணைக்க 'இசாஃபெ' என்று ஓர் ஏற்பாடு உண்டு. நம் வேற்றுமை உருபு போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒட்டுவது முதல் சொல்லின் வாலில். 'பார்த்தி' என்பது 'பார்த்தியா' ஆவது அதனால்தான். இந்த ஒட்டுகள் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் முதலெழுத்து எடுக்கும்போது தானாகக் காணாமல் போய்விடும். ஆனால் பெயர் நீண்டு, நடுவில் ஓர் உரிச்சொல்லும் வந்துவிட்டால், இந்த இணைப்பு தனிச்சொல்லாகப் பிரிந்து நிற்கும். துருக்கியிலும் சிரியாவிலும் பேசப்படும் குர்திய மொழிக் கிளைக்குக் குர்மாஞ்சி என்று பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குர்மாஞ்சிப் பெயர் 'தெவ்லெத்தேன் யெக்பூயி யேன் அமெரிகாயே'. நடுவில் நிற்கும் 'யேன்' ஒரு தனிச்சொல்தான். ஆனாலும் சுருக்கத்தில் அதற்கு இடமில்லை: டி.ஒய்.ஏ. சிரியாவின் குர்திய தேசியப் பேரவையின் பெயரில் இரண்டு சில்லறைச் சொற்கள் உண்டு, 'யா' ஒன்று, 'லி' என்ற முன்னிடைச்சொல் ஒன்று. இரண்டையும் தள்ளிவிட்டு இ.என்.கே.எஸ். என்று எடுத்துக்கொண்டார்கள். 'மற்றும்' என்ற பொருள் தரும் 'ஊ'வும் இப்படித்தான் விடுபடும்.

உலக அமைப்புகளுக்கும் குர்மாஞ்சிக்காரர்கள் சொந்தச் சுருக்கம் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஒய்.இ. ஆகிறது, ஆங்கிலத்தைக் கண்ணாடியில் பார்த்தது போலத் தலைகீழ், முதல் எழுத்து மட்டும் மாற்றம். ஐக்கிய நாடுகள் சபை, 'நெத்தெவெயேன் யெக்பூயி', என்.ஒய். ஆகிறது. நியூயார்க்கில் தலைமையகம் வைத்திருக்கும் அமைப்புக்கு என்.ஒய். என்று பெயர் வந்தது தற்செயல்தான். நேட்டோ, யுனெஸ்கோ மாதிரி சொல்லாகவே புழங்கும் பெயர்களில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

எல்லாச் சுருக்கமும் முதலெழுத்துகளால் ஆனதல்ல. சொல்லாகப் படிக்க வர வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் ஏமாற்றுவதும் உண்டு. பி.கே.கே. 2002இல் கொஞ்ச காலம் தன் பெயரை 'காதெக்' என்று மாற்றிக்கொண்டது. 'கோங்ரெயா ஆசாதீ ஊ தெமோக்ராசியா குர்திஸ்தானே', அதாவது குர்திஸ்தான் விடுதலை, ஜனநாயக மாநாடு. விதிப்படி எடுத்தால் கே.ஏ.டி.கே. என்றுதான் வர வேண்டும். 'தெமோக்ராசி'யிலிருந்து ஒரு எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்தை எடுத்துக்கொண்டதால் வாயில் நுழைகிற சொல்லாயிற்று. சிரியாவின் 'தெவ்-தெம்' இன்னும் அழகான வேலை. 'தெவ்கெரா ஜிவாகா தெமோக்ராதீக்', ஜனநாயகச் சமூக இயக்கம் என்பதில் நடுச்சொல்லை விட்டுவிட்டு முதல் சொல்லின் அசையையும் கடைசிச் சொல்லின் அசையையும் ஒட்டினார்கள். 'தெவ்' என்றால் குர்மாஞ்சியில் 'எல்லாம், சேர்ந்து'. 'தெம்' என்றால் 'காலம்'. ஈரானியக் குர்தியரின் கட்சி ஒன்றுக்குப் 'பாக்' என்று பெயர். 'பாக்' என்றால் சுத்தம்.

இதுவரை சொன்னதெல்லாம் லத்தீன் எழுத்தில் எழுதும் குர்தியரைப் பற்றி. துருக்கியிலும் சிரியாவிலும் பேசப்படும் குர்மாஞ்சிக்கு அந்த எழுத்தை வகுத்தவர் ஜெலாதெத் அலி பெதிர்கான். 1932 மே 15 அன்று டமாஸ்கஸில் அவர் வெளியிடத் தொடங்கிய 'ஹாவார்' இதழ் வழியாகத்தான் அந்த 31 எழுத்துகளும் பரவின. ஈராக்கிலும் ஈரானிலும் பேசப்படும் சொரானியோ அரபு எழுத்தைத் திருத்தி எழுதப்படுகிறது. ஒரு மொழியின் இரண்டு பெரிய கிளைகள், இரண்டு எழுத்துகள். ஈராக்கின் தூஹோக் பக்கம் போனால் குர்மாஞ்சியையே அரபு எழுத்தில் எழுதுகிறவர்களும் உண்டு.

அரபு எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்கிற வேறுபாடு கிடையாது. தமிழிலும் கிடையாது. அந்த வேறுபாடு இல்லாத எழுத்தில் சுருக்கத்தைச் சுருக்கம் என்று காட்டுவது எப்படி? நாம் இரண்டு வழி வைத்திருக்கிறோம். தி.மு.க. என்று புள்ளி வைப்போம். அல்லது எம்.ஜி.ஆர். என்று ஆங்கில எழுத்தின் பெயரை ஒலிப்பெயர்த்து எழுதுவோம். சொரானிக்காரர்களும் கிட்டத்தட்ட இதே இரண்டு வழிகளைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது வழியில் நம்மைவிட ஒரு படி மேலே போய்விட்டார்கள்.

குர்திய லத்தீனில் மெய்யெழுத்துகளின் பெயர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை: பெ, தெ, கெ, லெ, செ, யெ. எனவே பி.கே.கே.யை வாயால் சொன்னால் 'பெ-கெ-கெ'. சொரானிச் செய்தியாளர் அந்த மூன்று எழுத்தின் பெயர்களையும் உயிரோடும் மெய்யோடும் அப்படியே எழுதி, புள்ளி கூட வைக்காமல் ஒட்டி, 'பெகெகெ' என்று ஒரு சொல்லாக்கிவிடுகிறார். சிரிய ஜனநாயகப் படைகள் 'ஹெசெதெ'. ஒய்.பி.ஜி. 'யெபெகெ'. இ.என்.கே.எஸ். 'எனெகெசெ'. முதல் முறை படிக்கிறவருக்கு ஏதோ குழந்தைப் பேச்சு போல இருக்கும். ஆனால் இதில் ஒரு தெளிவு இருக்கிறது: லத்தீன் எழுத்தே தெரியாத வாசகரும் பிழையில்லாமல் உரக்கப் படிக்கலாம். அரபியும் பாரசீகமும் குற்றுயிர்களை எழுதாமல் விட்டுவிடுகிற மொழிகள். சொரானி எழுத்து குட்டி இகரம் ஒன்றைத் தவிர எல்லா உயிரையும் எழுதிக்காட்டும். அந்த வசதி இருப்பதால்தான் இந்த முறை சாத்தியமாகிறது.

ஹெசெதெவை எடுத்துக்கொண்டால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2015இல் உருவான அந்தப் படைக்கு ஆங்கிலத்தில் எஸ்.டி.எஃப்., துருக்கியில் எஸ்.டி.ஜி., அரபியில் 'கசத்', குர்தியில் எச்.எஸ்.டி. ஆனால் களத்தில் அரபியும் குர்தியும் கலந்தே புழங்குவதால், அரபிச் சுருக்கத்தையே லத்தீன் எழுத்தில் க்யூ.எஸ்.டி. என்று எழுதும் குர்மாஞ்சிச் செய்திகளும் ஏராளம். ஐ.எஸ். அமைப்பின் அரபிச் சுருக்கமான 'தாயிஷ்' குர்மாஞ்சியில் 'தாயிஷ்' என்றே லத்தீன் எழுத்தில் வந்து நிலைத்துவிட்டது. அதை மொழிபெயர்க்க யாரும் மெனக்கெடவில்லை.

புள்ளி வைக்கும் வழி எங்கே பயன்படுகிறது? பல்கலைக்கழகங்களில். எர்பிலிலும் சுலைமானியாவிலும் பேராசிரியர் பெயருக்கு முன்னால் 'பெ.தெ.' என்று இருக்கும்: பேராசிரியர், டாக்டர். 'ம.' என்றால் மாமோஸ்தா, ஆசிரியர். துணைநிலைப் பேராசிரியராக இருந்து முனைவர் பட்டமும் இருந்தால் 'பெ.யெ.தெ.', அதாவது 'ப்ரொஃபெசோரீ யாரீதெதெர் தொக்தோர்'. லத்தீனில் எழுதினால் இது பி.ஒய்.டி. முன்பு பார்த்த சிரியாவின் குர்தியக் கட்சிக்கும் அதே மூன்று எழுத்துதான். கட்சியைச் சொரானியில் புள்ளி வைக்காமல் 'பெயெதெ' என்று நீட்டி எழுதுவதால் பேராசிரியர்கள் தப்பித்தார்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அது பாரசீகம், அரபி வழக்கத்திலிருந்து வந்தது. எழுத்துகளை ஒட்டிச் சொல்லாக்கிவிடுவது. 1945இல் ஈரானின் மகாபாத்தில் உருவான ஈரானியக் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியை ஹ, த, க, ஆ என்ற நான்கு எழுத்தைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவார்கள். இதில் கடைசி 'ஆ' கவனிக்க வேண்டியது. சொரானியில் அந்த நாட்டின் பெயர் 'ஏரான்', வேறு எழுத்தில் தொடங்குகிறது. பாரசீகத்தில் எழுதினால்தான் அது அலிஃபில் தொடங்கும். கட்சி குர்தியக் கட்சி; சுருக்கத்தின் கடைசி எழுத்து பாரசீக எழுத்துக்கூட்டலிலிருந்து வந்தது.

அந்தக் கட்சிக்கு முன்னால் அதே ஊரில், 1942 ஆகஸ்டில், ஒரு ரகசிய அமைப்பு தொடங்கப்பட்டது. 'கோமெலெயீ ஜியானெவெயீ குர்த்', குர்தியர் மறுமலர்ச்சிக் கழகம். அதை எல்லோரும் அழைத்தது 'ஜே-காஃப்' என்று. மறுமலர்ச்சி என்பதன் முதலெழுத்தும் குர்த் என்பதன் முதலெழுத்தும். ஒன்று குர்திய எழுத்தின் பெயர், மற்றது அரபு எழுத்தின் பெயர். 'கோமெலெ' என்ற தலைச்சொல்லைச் சுருக்காமல் அப்படியே விட்டார்கள். இன்று அரசியலில் எத்தனையோ சுருக்கங்கள் குவிந்துவிட்டன. எனக்கு இந்த ஜே-காஃபின் எளிமை மேல் ஒரு தனிப் பிரியம்.

இப்போது உச்சரிப்புக் கதைக்கு வரலாம். துருக்கியில் பி.கே.கே.யை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதை வைத்து நீங்கள் எந்தப் பக்கம் என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்துவிடுவார். அரசு அதிகாரிகளும் பெரும்பாலான தொலைக்காட்சிகளும் 'பெ-கா-கா' என்பார்கள். குர்தியர் 'பெ-கெ-கெ' என்பார்கள். விநோதம் என்னவென்றால், துருக்கி அரிச்சுவடியில் கே என்ற எழுத்தின் முறையான பெயரும் 'கெ'தான். பேச்சுத் துருக்கியில் பலர் 'கா' என்பதும் உண்மைதான், ஆனால் இலக்கணப்படி பார்த்தால் 'பெ-கெ-கெ' என்பதே சரியான துருக்கி உச்சரிப்பு. அப்படியிருந்தும் நேரலையில் ஒருவர் 'பெ-கெ-கெ' என்று சொல்லிவிட்டால் பார்வைகள் மாறும். ஒரு உயிரெழுத்துக்கு இவ்வளவு பாரம்.

எழுத்துகளே குற்றமாக இருந்த காலமும் உண்டு. 1928 நவம்பர் 1 அன்று துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியபோது, சட்டத்தில் குறித்த 29 எழுத்துகளில் க்யூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றும் இல்லை. குர்தியில் மூன்றும் அன்றாடத் தேவை. புத்தாண்டுப் பண்டிகையான நெவ்ரோஸைக் குர்தியர் டபிள்யூ போட்டு எழுதுகிறார்கள், துருக்கியர் வி போட்டு எழுதுகிறார்கள். வாழ்த்து அட்டையில் டபிள்யூ போட்டதற்காக வழக்கு வந்ததுண்டு. குழந்தைக்கு எக்ஸ் உள்ள பெயரைப் பதிவு செய்ய முடியாமல் போனதுண்டு. ஆனால் 2009 ஜனவரி 1 அன்று துருக்கி அரசுத் தொலைக்காட்சியே குர்தியில் ஓர் அலைவரிசையைத் தொடங்கி அந்த மூன்று எழுத்துகளையும் திரையில் தாராளமாகப் போட்டது. அலைவரிசையின் அப்போதைய பெயர் டி.ஆர்.டி. ஷெஷ். முதல் பாதி துருக்கிச் சுருக்கம். 'ஷெஷ்' என்றால் குர்தியில் ஆறு. 2013 செப்டம்பரில் அரசு அறிவித்த சீர்திருத்தங்களில்தான் அந்த எழுத்துகள் மீதான தடை நீங்கியது.

சுருக்கமே சட்டச் சிக்கலான சம்பவம் அண்மையில் நடந்தது. 2023 அக்டோபரில் குர்தியர் ஆதரவுக் கட்சி தன் பெயரை 'மக்கள் சமத்துவம், ஜனநாயகக் கட்சி' என்று மாற்றி 'ஹெதெப்' என்று சுருக்கிக்கொண்டது. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஒப்பவில்லை. 2003இல் தடை செய்யப்பட்ட 'ஹாதெப்' பெயரைப் போலவே இருக்கிறது என்றது. முழுப் பெயரில் சிக்கல் இல்லை. ஓர் உயிரெழுத்து வித்தியாசத்தில் நிற்கும் சுருக்கத்தில்தான் சிக்கல். டிசம்பரில் கட்சி தன் சுருக்கத்தைத் 'தெம்' என்று மாற்றியது. முழுப் பெயர் மாறவில்லை. 'தெம்' என்றால் குர்தியில் காலம் என்று முன்பே பார்த்தோம். துருக்கியிலும் அந்தச் சொல் உண்டு. தேநீர் நன்றாக ஊறி இறங்குவதைச் சொல்வது. பிரசாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இலக்கணத்தில் ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது. குர்மாஞ்சியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண்பால் அல்லது பெண்பால். சுருக்கத்துக்கு என்ன பால்? 'பார்த்தி' பெண்பால் என்பதால் கட்சிகள் பெண்பாலாகிவிடுகின்றன, அது புரிகிறது. ஆனால் ஒய்.பி.ஜி. என்பதில் தலைச்சொல் 'யெகீனெயேன்', பிரிவுகள், பன்மை. செய்தியில் 'ஒய்.பி.ஜி. அறிவித்தது' என்று எழுதும்போது சுருக்கத்தின் வாலில் 'ஏ' என்ற பெண்பால் ஒருமை உருபைச் சேர்க்கிறார்கள். விரித்தால் பன்மை, சுருக்கினால் ஒருமைப் பெண். அந்த உருபை எப்படி ஒட்டுவது என்பதிலும் ஒற்றுமை இல்லை. துருக்கி வழக்கப்படி மேற்கோள் குறி போட்டு ஒட்டுகிறவர்கள் ஒரு பக்கம், இடைக்கோடு போடுகிறவர்கள் இன்னொரு பக்கம், எதுவும் இல்லாமல் ஒட்டுகிறவர்கள் வேறொரு பக்கம். சொரானியில் பால் வேறுபாடே இல்லாததால் அவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. நான்கு நாட்டுக் குர்தியருக்கும் சேர்த்து 'இப்படித்தான் எழுத வேண்டும்' என்று சொல்லும் அதிகாரம் படைத்த அமைப்பு எதுவும் இல்லை; ஒவ்வொரு செய்தி அறையும் தன் வழக்கத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது.

கட்சிகளை விட்டுவிட்டுப் புத்தகப் பக்கங்களுக்கு வந்தால் சின்னச் சின்னச் சுருக்கங்கள் கண்ணில் படும். நாம் 'முதலியன' என்பதற்கு குர்மாஞ்சியில் எச்.டபிள்யூ.டி., 'ஹெர் வெகீ தின்'. சொரானியில் ஹ, த, த என்று மூன்று மெய்களை ஒட்டி எழுதுவார்கள்: 'ஹெத்தா துவாயீ', கடைசிவரை. உயிர்களை எழுதாமல் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் எழுத்தில் இந்த ஒன்று மட்டும் பழைய அரபு வழக்கப்படி மெய்களோடு நின்றுவிட்டது. பக்க எண்ணுக்கு குர்மாஞ்சியில் ஆர் ('ரூபெல்'), சொரானியில் லாம் ('லாபெரெ'). நபிகள் பெயருக்குப் பின்னால் அரபியில் வரும் ஸாத் எழுத்துக்குப் பதிலாகச் சொரானியில் பலர் த.க. என்று எழுதுகிறார்கள், அந்த வாழ்த்தின் குர்திய வடிவத்தை அப்படியே சுருக்கியது.

ஆபத்தானது ஒன்று உண்டு. சொரானியில் பி.ஸெட். என்றால் 'பேஷ் ஸாயீன்', கிறிஸ்து பிறப்பதற்கு முன். குர்மாஞ்சியில் அதே பி.ஸெட். 'பிஷ்தீ ஸாயீனே', கிறிஸ்து பிறந்த பின். குர்மாஞ்சியில் கி.மு. என்பதற்கு 'பெரீ ஸாயீனே', அதன் முதலெழுத்து வல்லின ப அல்ல, பந்தில் வரும் மெல்லொலி ப. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்கு இது இரட்டைக் குழப்பம். ஒரு மன்னர் கி.மு. 300இல் ஆண்டாரா கி.பி. 300இல் ஆண்டாரா என்பது, புத்தகம் எந்தக் கிளைமொழியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அகராதியிலும் இப்படி ஒரு பொறி. ஐரோப்பிய அகராதிகளில் எம் என்றால் ஆண்பால். குர்மாஞ்சி அகராதியில் எம் என்றால் 'மே', பெண்பால். ஆண்பாலுக்கு என், 'நேர்'. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்து, தாய்மொழியை அகராதி வைத்துப் படிக்கிற குர்தியப் பிள்ளைக்கு இது முதல் வாரமே இடறும்.

ஆட்பெயர்களைச் சுருக்குவது இன்னும் பழைய பழக்கம். மொஹமது சொரானியில் 'ஹெமெ' ஆவார். குர்மாஞ்சியில் அப்துல்லா 'எவ்தோ', ஃபாத்திமா 'ஃபாத்தே'. ஆணுக்கு ஓ, பெண்ணுக்கு ஏ. இரண்டும் விளிவேற்றுமை உருபுகள், கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டவை. பி.கே.கே.யின் நிறுவனர் அப்துல்லா ஒஜலானை 'ஆபோ' என்று அழைப்பதும் இந்த வகைதான், ஆனால் அதில் இரட்டைப் பொருள்: அப்துல்லாவின் சுருக்கம் ஒன்று; 'ஆப்' என்றால் அப்பாவின் சகோதரர் என்பதால் 'சித்தப்பா' என்று கூப்பிடுவது இன்னொன்று. சுலைமானியாக்காரர்கள் தலபானியை 'மாம் ஜலால்' என்றார்கள். 'மாம்' நம் மாமா அல்ல, அதுவும் அப்பாவழி உறவுதான். பெயரைச் சுருக்குவதும் உறவு சொல்லிக் கூப்பிடுவதும் ஒன்றாகக் கலந்து போகிற இடம் இது.

மொழிக்கே இப்போது சுருக்கங்கள் வந்துவிட்டன. கணினி உலகத்தின் பன்னாட்டுக் குறியீட்டில் குர்திய மொழி மொத்தத்துக்கும் கே.யு.; அதற்குள் குர்மாஞ்சிக்குக் கே.எம்.ஆர்., சொரானிக்கு சி.கே.பி., தெற்குக் குர்திக்கு எஸ்.டி.எச். விக்கிப்பீடியாவிலும் கே.யு. குர்மாஞ்சிக்காரர்கள் கையில் இருக்க, சொரானிக்காரர்கள் 2009இல் சி.கே.பி. என்று தனிக்கடை போட்டார்கள்.

இணைய முகவரியில் வந்த சுருக்கம் மட்டும் இன்னும் சுவாரசியமானது. முகவரியின் கடைசியில் வரும் இரண்டு எழுத்துகள் பொதுவாக நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டவை: ஈராக்குக்கு ஐ.க்யூ., துருக்கிக்கு டி.ஆர்., ஈரானுக்கு ஐ.ஆர்., சிரியாவுக்கு எஸ்.ஒய். குர்திஸ்தான் நாடு இல்லை. எனவே இரண்டு எழுத்து கிடைக்காது. ஈராக்கியக் குர்திஸ்தான் அரசு மூன்றெழுத்து வரிசையில் விண்ணப்பித்து 2014இல் கே.ஆர்.டி. என்பதை வாங்கியது. அமைச்சகங்களின் முகவரிகள் இப்போது அதில்தான் முடிகின்றன. ஐ.க்யூ. அவர்களுக்கும் கிடைத்திருக்கும்; வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள்.